பதினாறு விகலைக் குறை

சனிக்கிரகத்துக்கு அஞ்சுகிறவர்கள் நம் நாட்டில் எண்ணிலடங்காதவர்கள். ஆனால் இரவு வானத்தை நிமிர்ந்து நோக்கி, 'அதோ, அதுதான் சனி' என்று சுட்டிக் காட்டக்கூடியவர்கள் மிகச் சிலரே. இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை அது ராசி விட்டு ராசி பெயர்வதைப் பஞ்சாங்கத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டு, திருநள்ளாறு வரை சென்று எள் தீபம் ஏற்றி வருகிற அன்பர்களும்கூட, அந்தப் பெயர்ச்சியை நிகழ்த்துகிற ஒளிப்புள்ளி தம் வீட்டு மாடிக்கு மேலேயே மங்கிய பொன்னிறத்தில் கண்சிமிட்டாமல் நின்று பிரகாசிப்பதை ஒருமுறையேனும் பார்த்ததில்லை என்று சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஆகையால், யாராவது ஒருவர் வந்து, 'வீட்டில் ஒரு பைனாகுலர் சும்மா கிடக்கிறது. அதில் சனியின் வளையம் தெரியுமா?' என்று கேட்டுவிட்டால், அன்று முழுவதும் மனம் நிறைந்திருக்கும். அந்தக் கேள்விக்குத் 'தெரியும்' என்று பதில் சொன்னால் அது மிகை; 'தெரியாது' என்று சொன்னாலோ அது அதைவிடப் பெரிய தவறு. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே, மனிதரில் தலைசிறந்த சிலர் ஐம்பது வருஷகாலம் நின்று தவித்த ஓர் இடத்தில் இருக்கிறது. பைனாகுலர் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவதும் சரியாக அதே இடத்தில்தான்.

மெல்லச் செல்கிறவன் என்ற பொருள்பட சனைச்சரன் என்றும் மந்தன் என்றும் வடமொழியாளர் இக்கிரகத்துக்குப் பெயரிட்டார்கள். பழந்தமிழில் மைம்மீன் என்றும் காரி என்றும் அது வழங்கிற்று. சூரியனை ஒருமுறை சுற்றி வர அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. பன்னிரண்டு ராசிகளுக்கும் பங்கிட்டால் ராசி ஒன்றுக்கு இரண்டரை வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. கருவி எதுவுமின்றி, கண்ணையும் பொறுமையையும் மட்டுமே துணையாகக் கொண்டு, தந்தையின் குறிப்பைப் பிள்ளையும் பிள்ளையின் குறிப்பைப் பேரனும் தொடர்ந்து காத்து, இந்த நடையை இவ்வளவு நுட்பமாக அளந்து வைத்த முன்னோர்களின் உழைப்பை நினைக்கும்போது தலை தானே வணங்குகிறது. ஆயினும், அவர்களில் எவருக்கும் அந்தப் புள்ளிக்கு ஒரு வடிவம் உண்டு என்ற எண்ணம் தோன்றவில்லை. அது அவர்களுடைய குறையன்று. கண்ணின் அமைப்பே அப்படி.

வானத்திலுள்ள ஒரு பொருள் எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதைக் கோணத்தால் சொல்வது மரபு. ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பிரிக்கிற வழக்கம் நம் ஜோதிஷ கணிதர்களுக்கும் மேல்நாட்டு வானியலாருக்கும் பொதுவானது. பூரண சந்திரனின் அகலம் ஏறத்தாழ 30 கலை. சனியோ, பூமியும் தானும் சூரியனுக்கு ஒரே பக்கத்தில் வந்து நிற்கிற காலத்திலும், நம்மிடமிருந்து சராசரியாக 128 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து ஒளி புறப்பட்டு நம் கண்ணில் விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பத்து நிமிஷம் பிடிக்கிறது. கிரகத்தின் உருண்டை 1,20,500 கிலோமீட்டர் குறுக்களவுடையது. அதைச் சூழ்ந்த பிரகாசமான வளையங்களின் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை ஏறத்தாழ 2,73,000 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய அகலமும் அத்தனை தூரத்திலிருந்து பார்க்கையில் 44 விகலையாகச் சுருங்கிவிடுகிறது. நோயற்ற மனிதக் கண் இரண்டு புள்ளிகளை இரண்டென்று பிரித்தறிவதற்கு அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 60 விகலையாவது இருக்க வேண்டும். ஆக, சனியின் வடிவத்துக்கும் நம் பார்வையின் எல்லைக்கும் இடையே இருக்கிற குறை வெறும் 16 விகலை! இந்தச் சிறு குறையை நான் எண்ணி எண்ணி வியந்ததுண்டு. வளையம் இப்போதுள்ளதைப்போல் இரண்டு மடங்கு அகன்றிருக்குமேயானால், கூரிய பார்வையுடைய ஓர் ஆயனோ மாலுமியோ, 'இந்த மீன் மட்டும் ஏன் சற்று நீண்டு தோன்றுகிறது?' என்று என்றைக்கோ சந்தேகப்பட்டிருக்கக்கூடும். வானியலின் சரித்திரமே வேறு விதமாகத் தொடங்கியிருக்கும்.

கோணக் கணக்கு மனத்தில் பதியாதவர்களுக்கு ஓர் உபாயம் சொல்லுகிறேன். இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு நாணயத்தை ஏறத்தாழ 117 மீட்டருக்கு அப்பால் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தோடு கூடிய சனி நம் கண்ணுக்கு அந்த நாணயத்தின் அளவுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் பைனாகுலரை எடுத்துக்கொண்டால், அதே நாணயம் 12 மீட்டர் தூரத்துக்கு, அதாவது ஒரு நீண்ட கூடத்தின் மறுகோடிக்கு, வந்துவிடுகிறது. அங்கே பிடித்திருப்பது நாணயந்தானா, நெல்மணியா, பொத்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வெறும் புள்ளி அன்று, ஏதோ ஒரு வடிவமுள்ள பொருள் என்பதை உணர முடியும். பைனாகுலர் தருவது இவ்வளவே; இது சிறிதன்று.

பைனாகுலரின் உடம்பில் 7×50, 10×50, 15×70 என்றெல்லாம் பொறித்திருப்பார்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாம் எண் முகப்பு வில்லையின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கின்றன. ஏழு மடங்குக் கருவியில் சனி 5 கலை நீளமுள்ளதாகிறது. அதன் கண்கூசும் ஒளியில் வடிவம் பெரும்பாலும் கரைந்துபோய், 'சுற்றியுள்ள நக்ஷத்திரங்களைப்போல் இது கூர்மையாக இல்லையே' என்ற ஐயம் மாத்திரமே மிஞ்சும். பத்து மடங்கில் 7 கலைக்கு மேல், அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரியும் சந்திரனின் அகலத்தில் கால் பங்கு. வளையம் விரிந்திருக்கும் காலத்தில் ஒரு நீள்வட்டம் ஐயத்துக்கிடமின்றித் தென்படும். ஆனால் உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள இருண்ட வெளி? அங்கேதான் இடையூறு. உருண்டையின் விளிம்பிலிருந்து பிரகாசமான வளையம் தொடங்குமிடம் வரை ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர். கோணத்தில் 5 விகலை. பத்து மடங்கில் 50 விகலை. கண்ணின் எல்லைக்கு இதுவும் சற்றே குறைவு. பதினைந்து மடங்கில் எல்லையைத் தொட்டுத் தாண்டுகிறது. இருபது, இருபத்தைந்து மடங்குக்குச் சென்று, கருவியை முக்காலியில் அசையாமல் பொருத்தினால்தான், 'ஆம், இது உருண்டை, அது வளையம்' என்று இரண்டையும் தனித்தனியே பிரித்துச் சொல்லத் துணியலாம்.

இதில் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு வில்லை எவ்வளவு நெருங்கிய புள்ளிகளைப் பிரித்துக் காட்டவல்லது என்பதற்கு, வில்லியம் ரட்டர் டாஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் தம் அனுபவத்திலிருந்து ஒரு விதி வகுத்தார்: 116 என்ற எண்ணை வில்லையின் குறுக்களவு மில்லிமீட்டரால் வகுத்தால், விடை விகலையில் வரும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு அது 2.3 விகலை. சனியின் இருண்ட இடைவெளியோ 5 விகலை. ஆகவே, நம் கையிலுள்ள சாதாரணப் பைனாகுலரின் முகப்பு வில்லை அந்த இடைவெளியைக் கிரகித்து, தன் குவியத்தில் அதை ஒழுங்காகவே வரைந்து வைத்திருக்கிறது. அந்தச் சூக்ஷ்மமான சித்திரத்தைப் போதிய அளவு பெரிதாக்கிக் கண்ணிடம் ஒப்படைக்கத்தான் கண்வில்லைக்கு வலிமை இல்லை. வளையம் நம் கைக்குள்ளேயே இருக்கிறது, கண்ணுக்குத்தான் எட்டவில்லை என்பதை முதன்முதலில் கணக்கிட்டு அறிந்த இரவில் எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

1610-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், பாதுவா நகரத்தில் கலிலியோ தம் தொலைநோக்கியைச் சனியின் பக்கம் திருப்பினார். அவர் கருவி ஏறக்குறைய இருபது, முப்பது மடங்கு பெரிதாக்கக்கூடியதுதான். ஆனால் கண்ணாடியின் குற்றங்களும், ஓரங்களில் படரும் வர்ணச் சாயல்களும், சிறிய வாயும் அதன் தெளிவைக் கெடுத்தன. போதாததற்கு, அக்காலத்தில் வளையம் பூமிக்குத் தன் முகத்தைக் காட்டாமல் பக்கவாட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கண்டது நடுவில் ஒரு பெரிய உருண்டையும் இரு மருங்கிலும் அதை ஒட்டினாற்போல் இரண்டு சிறிய உருண்டைகளுமாக, மூன்று உடல்கள். தாம் கண்டதை வேறொருவர் தமதென்று உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று, எழுத்துக்களைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக அதை எழுதியனுப்பினார். பிராக் நகரத்திலிருந்த கெப்ளர் அப்புதிரை விடுவிக்க முயன்று, செவ்வாய்க்கு இரண்டு சந்திரர்கள் இருப்பதாகக் கலிலியோ கண்டுவிட்டார் என்று தவறாகப் பொருள்கொண்டார். உண்மையில், மிக உயரத்திலுள்ள கிரகம் மும்மடியாக இருப்பதைக் கண்டேன் என்பதே அதன் பொருள். இரண்டு வருஷம் கழித்து, 1612-இல், அந்தத் துணை உருண்டைகள் இரண்டும் அடியோடு மறைந்துபோயின. தன் மக்களையே விழுங்கிவிட்டதாக மேல்நாட்டுப் புராணம் சொல்லும் சனித் தேவன் மெய்யாகவே அப்படிச் செய்துவிட்டானோ என்று கலிலியோ கலங்கினார். ஆயினும் அவை மீண்டும் தோன்றும் என்று முன்கூட்டியே எழுதவும் செய்தார். தோன்றின. 1616-இல் அவர் வரைந்த படத்தில், பாத்திரத்தின் இருபுறத்துக் கைப்பிடிகளைப்போல் இரண்டு வளைவுகள் காணப்படுகின்றன. வளையத்தை ஏறக்குறைய முழுவதுமே அவர் வரைந்துவிட்டார். ஆனால் வளையம் என்று அறியாமலே 1642-இல் காலமானார்.

இப்போது நம் கையிலிருக்கும் 10×50 பைனாகுலரை அவருடைய கருவியோடு ஒப்பிட்டால், பெருக்கத்தில் நாம் அவருக்குக் கீழே நிற்கிறோம். வில்லையின் அகலத்திலும் தெளிவிலும் வெகு மேலே நிற்கிறோம். கூட்டிக் கழித்தால் இருவரும் காண்பது ஒரே வகையான குழப்பம். நாற்பது வருஷத்துக்கு மேல், ஐரோப்பாவின் கூர்மையான கண்களெல்லாம், கஸ்ஸாந்தியும் ரிச்சியோலியும் தான்ஸிக் நகரத்து ஹெவேலியஸும், அந்தக் குழப்பத்தையே விதவிதமாக வரைந்து பார்த்தார்கள். இரு காதுள்ள முட்டையாக ஒருவர் வரைந்தார். பிறைகள் ஒட்டிய உருண்டையாக மற்றொருவர் வரைந்தார். அந்தச் சித்திரங்களைப் பார்த்து இன்று யாரும் புன்னகைக்க வேண்டியதில்லை. விடையைத் தெரிந்துகொண்டு பார்க்கிற நமக்கு அவர்களுடைய கஷ்டம் எளிதில் புலப்படாது.

விடையைச் சொன்னவர் ஹாலந்து தேசத்துக் கிறிஸ்டியன் ஹைகன்ஸ். அவர் தம் சகோதரரோடு சேர்ந்து தாமே தேய்த்து உருவாக்கிய வில்லையின் குறுக்களவு 57 மில்லிமீட்டர். நம் பைனாகுலரின் வில்லையைவிட ஒரு நகக்கண் அளவே அகலம். ஆனால் அது ஏறத்தாழ ஐம்பது மடங்கு பெரிதாக்கிற்று. 1655 மார்ச் 25-ஆம் தேதி இரவு அதன் வழியாக அவர் சனியின் அருகே ஒரு சிறு நக்ஷத்திரத்தைக் கண்டார். அடுத்தடுத்த இரவுகளில் அது சனியோடு கூடவே சென்றதைக் கொண்டு, அது நக்ஷத்திரமன்று, உபகிரகம் என்று தெளிந்தார். அதையே பிற்காலத்தார் டைட்டன் என்று அழைக்கலானார்கள். அதைவிட ஆச்சரியம் என்னவென்றால், வளையத்தின் மர்மம் அவருக்கு விளங்கிய சமயத்தில் வளையம் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாத நிலையில் இருந்தது. பக்கவாட்டில் திரும்பி, ஒரு மெல்லிய கோடாக ஒடுங்கி, பிறகு அதுவும் மறைந்துபோன காலம் அது. சனியின் இருபுறமும் நீண்டு தோன்றிய கைகள் மெலிந்தனவே ஒழிய நீளத்தில் குறையவில்லை. டைட்டன் அந்தக் கைகள் நீண்ட அதே திசையில் போய்ப் போய் வந்தது. இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து யோசித்தபோது, சனியை எங்கும் தொடாமல் அதைச் சூழ்ந்து நிற்கிற மெல்லிய, தட்டையான ஒரு வளையமே எல்லாத் தோற்றங்களுக்கும் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1656-இல் அவரும் ஓர் எழுத்துப் புதிராக அதைப் பதிப்பித்துவிட்டு, 1659-இல் சனியின் அமைப்பைப் பற்றிய தம் கிரந்தத்தில் வெளிப்படையாக விளக்கினார். பிறர் கண்டதைவிட அவர் மிகுதியாகக் கண்டார் என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்குப் புலப்படாததைக் கருத்தால் நிரப்பியது அதைவிடப் பெரிய காரியம்.

அப்போதும் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ரோமாபுரியிலிருந்த ஏசு சபைப் பாதிரியார் ஹோனோரே ஃபாப்ரி, வளையம் என்று ஒன்று இல்லை, சனிக்குப் பின்னால் ஒளியுள்ளனவும் இருண்டனவுமான சில உபகிரகங்கள் போய் வருவதே இந்தத் தோற்றங்களை உண்டாக்குகிறது என்று வாதாடினார். ஃபிளாரன்ஸ் நகரத்தில் இளவரசர் லியோபோல்தோ தெ மெதிச்சியின் ஆதரவில் நடந்துவந்த அக்காடெமியா தெல் சிமெந்தோ என்ற பரிசோதனைச் சபை இவ்வழக்கை 1660-இல் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் செய்த யுக்தி என் மனத்துக்கு மிகவும் பிடித்தமானது. சனிக்கு இரு கொள்கைகளின்படியும் மாதிரிகள் செய்து, ஒரு நீண்ட கூடத்தின் கோடியில் வைத்து, தீப்பந்த ஒளி படச்செய்து, மறுகோடியிலிருந்து தொலைநோக்கிகளால் பார்த்தார்கள். கற்றவர்கள் மட்டும் பார்த்தால், தாம் நம்புவதையே கண்டதாகச் சொல்லிவிடக்கூடும் அல்லவா? ஆகையால் இவ்விஷயத்தைப் பற்றி எதுவுமே கேள்விப்படாத சாமானிய மனிதர்களை அழைத்து வந்து, அவர்களைப் பார்க்கச் செய்து, கண்டதைக் காகிதத்தில் வரையச் சொன்னார்கள். வளையமுள்ள மாதிரியைச் சற்றுத் தரங்குறைந்த தொலைநோக்கியில் பார்த்தபோது, நடுவில் ஓர் உருண்டையும் இரு பக்கமும் இரண்டு சிறு உருண்டைகளுமாகவே தோன்றின. அரை நூற்றாண்டுக்கு முன் கலிலியோவை ஏமாற்றிய காட்சி அந்தக் கூடத்திலேயே மீண்டும் பிறந்தது! ஃபாப்ரியும் சில வருஷங்களில் ஹைகன்ஸின் கொள்கையை ஏற்றுக்கொண்டார்.

பைனாகுலர் கையில் உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனையும் இதிலிருந்தே பிறக்கிறது. அவ்வருஷம் வளையம் எந்த அளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் படங்களில் பார்த்துவிட்டு மாடிக்குப் போகாதீர்கள். முதலில் பாருங்கள்; கண்டதை வரையுங்கள்; பிறகு ஒப்பிடுங்கள். மனம் ஆசைப்பட்டதைக் கண்ணுக்குக் காட்டிவிடும் வல்லமை உடையது.

மொட்டைமாடியின் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, முன்னிரவில் அந்த வெப்பத்தை மேலே விடுகிறது; அதனால் காற்று நெளிந்து, கிரகத்தின் உருவமும் கானல்போல் நெளியும். ஆகவே பத்து மணிக்குமேல், சனி அடிவானத்தைவிட்டு நன்கு உயர்ந்த பிறகு பார்ப்பது உத்தமம். உயர்ந்த பிறகு கழுத்து நோகாமல் பார்க்கச் சாய்வு நாற்காலி அவசியம். கையால் பிடித்துப் பார்த்தால் நம் நாடித் துடிப்பே சனியைத் துள்ளச் செய்துவிடும். கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றுவது ஓரளவு உதவும், முக்காலி அமைந்தால் மிக்க நலம். இடக்கண்ணால் மட்டும் நோக்கி நடுச்சக்கரத்தைத் திருப்பி ஒரு நக்ஷத்திரத்தைக் கூரிய புள்ளியாக்கிக்கொண்டு, பிறகு வலக்கண்ணுக்கு அப்பக்கத்துக் கண்வில்லையைத் தனியே திருத்திக்கொள்ள வேண்டும். பைனாகுலர் வைத்திருப்பவர்களில் பலர் இந்த இரண்டாம் திருத்தத்தைச் செய்வதேயில்லை.

சனி நீண்டு தோன்றுகிறதா? உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். கண்ணின் குற்றமும் வில்லையின் குற்றமும்கூட ஒளியை ஒரு பக்கமாக இழுத்துக் காட்டும். தலையையும் பைனாகுலரையும் சேர்த்து ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள்: நீட்சி உங்களோடு சேர்ந்து சாய்ந்தால் குற்றம் உங்களுடையது அல்லது கருவியுடையது, நீங்கள் சாய்ந்தும் வானத்தில் அது தன் திசையை விடாமல் நின்றால், அதுதான் வளையம். இன்னொரு பரீக்ஷையும் உண்டு. சனியின் அச்சு, துருவ நக்ஷத்திரத்துக்கு அருகிலுள்ள நம் வானத் துருவத்துக்கு ஏழு பாகைக்குள்ளாகவே குறிவைத்து நிற்கிறது; இதனால் அதன் வளையம் எப்போதும் ஏறக்குறைய கிழக்கு மேற்காகவே நீண்டிருக்கிறது. முக்காலியில் அசையாமல் வைத்த பைனாகுலரில், பூமியின் சுழற்சியால் சனி மெல்ல மிதந்து சென்று காட்சி வட்டத்தைக் கடக்கிறதே, அந்தப் போக்கின் வழியிலேயே நீட்சியும் அமைந்திருக்க வேண்டும். தமிழ்நாடும் இலங்கையும் பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் நமக்கு ஒரு பாக்கியமும் வாய்த்திருக்கிறது: இங்கே கிரகங்கள் ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து செங்குத்தாக இறங்குகின்றன, ஆகவே சனி உதயமாகும்போது வளையம் நட்டுவைத்த வேல்போல் நிமிர்ந்து நிற்கும், உச்சிக்கு வரும்போது படுத்துக்கொள்ளும், மேற்கே சாயும்போது மீண்டும் நிமிரும். ஃபிளாரன்ஸிலும் ஹாலந்திலும் இருந்தவர்கள் அதைச் சரிந்த நிலையிலேயே எழவும் விழவும் கண்டார்கள்.

வளையம் விரிவதும் ஒடுங்குவதும் அந்தக் கிரகத்தின் நீண்ட வருஷத்தோடு பிணைந்தது. சனியின் அச்சு அதன் பாதைக்கு ஏறத்தாழ 27 பாகை சாய்ந்திருப்பதால், ஒரு சுற்றில் இருமுறை வளையத்தின் விளிம்பு நம்மை நோக்குகிறது. அவற்றின் இடைவெளி ஒருமுறை பதினான்கு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகவும் மறுமுறை பதினாறு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகவும் மாறி மாறி வரும். கடைசியாக 2025 மார்ச் 23-இல் பூமி வளையத்தின் தளத்தைக் கடந்தது. இனி 2038, 2039-இல்தான் மறுபடியும் அது நிகழும். 2026 அக்டோபர் 4-இல் சனி இரவு முழுவதும் தெரியும்படி சூரியனுக்கு நேர் எதிரே வரும்போதும் வளையம் ஒடுங்கியே இருக்கும். பைனாகுலருக்கு அது கடினமான காட்சி. வருஷத்துக்கு வருஷம் அது மலர்ந்து 2032-இல் முழு அகலத்தையும் அடையும். பொறுமையுள்ள ஒருவர் ஆண்டுக்கொரு சித்திரமாக வரைந்துகொண்டு போனால், கலிலியோவுக்குப் பிரமிப்பாகவும் ஹைகன்ஸுக்குப் பிரமாணமாகவும் இருந்த அதே மாற்றத்தைத் தம் நோட்டுப் புத்தகத்திலேயே காணலாம்.

வளையம் எதனால் ஆனது என்ற ஆராய்ச்சி வேறொரு பெரிய கதை. இங்கே சுருக்கமாகவே சொல்ல இடமிருக்கிறது. 1850-இல் அமெரிக்காவில் பாண்டு என்னும் தந்தையும் மகனும், இங்கிலாந்தில் முன்சொன்ன டாஸும், பிரகாசமான வளையங்களுக்கு உட்புறத்தில் புகைபோல் மங்கிய இன்னொரு வளையம் இருப்பதைக் கண்டார்கள். இரண்டே வருஷத்தில், 1852-இல், சென்னை வானாய்வகத்தின் தலைவராயிருந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், மால்ட்டா தீவிலிருந்து நோக்கிய வானியலார் லஸ்ஸலும் அதே சமயத்தில் கண்டதைப்போல, அந்த மங்கிய வளையத்தின் ஊடாகச் சனியின் உருண்டை தெரிவதைக் கண்டு தெரிவித்தார். திடமான தகடாக இருந்தால் அதனூடே பார்வை செல்லுமா? 1859-இல் பௌதிக அறிஞர் மாக்ஸ்வெல், திடமான வளையம் நிலைத்து நிற்க முடியாதென்றும், எண்ணிறந்த தனித்தனித் துணுக்குகள் தத்தம் பாதையில் சுற்றுவதே வளையம் என்றும் கணிதத்தால் நிறுவினார். 1895-இல் வானியலார் கீலர் நிறமாலையைக் கொண்டு அளந்து, உள்விளிம்பு வேகமாகவும் வெளிவிளிம்பு மெதுவாகவும் சுற்றுவதைப் பிரத்தியக்ஷமாகக் காட்டினார். அத்துணுக்குகள் பெரும்பாலும் பனிக்கட்டி. அவை பரவியுள்ள தட்டின் கனமோ பெரும்பகுதியில் சுமார் பத்து மீட்டர்தான். அதே விகிதத்தில் ஒரு மாதிரி செய்வதென்றால், நாம் எழுதும் காகிதத்தை இரண்டே முக்கால் கிலோமீட்டர் அகலமுள்ள வட்டமாக வெட்டவேண்டும். பக்கவாட்டில் திரும்பும்போது அது மாயமாய் மறைவதில் என்ன வியப்பு? ஜேக்கப் அன்று நோக்கிய நுங்கம்பாக்கத்து வளாகத்தில், பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அவ்வழியே போகும்போதெல்லாம் சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

வளையம் நன்கு விரிந்திருந்த வருஷங்களில் ஒன்றில், நகரத்து ஒளி எட்டாத ஒரு கிராமத்து வீட்டு மாடியில், 10×50 பைனாகுலரை முக்காலியில் பொருத்திச் சனியின்மேல் நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுச் சிறுமியை அழைத்தேன். ஃபிளாரன்ஸ் சபையார் செய்ததைப் பின்பற்றி, அது என்ன என்று அவளிடம் நான் சொல்லவில்லை. "தெரிவதை அப்படியே வரைந்து காட்டு, அம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வெகுநேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, காகிதத்தின் நடுவில் ஒரு நெல்மணியை வரைந்தாள். அதன் சாய்வு ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. நெல்மணிக்கு இடப்பக்கத்தில், சற்றுத் தள்ளி, ஒரு சிறு புள்ளியும் இருந்தது.

"இது பென்சில் தவறிப் பட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை, மாமா. அங்கே இருக்கிறது. நீங்களே பாருங்கள்" என்றாள்.

பார்த்தேன். நான் வளையத்திலேயே மனத்தை வைத்திருந்ததால் முற்றும் தவறவிட்டுவிட்ட மிக மங்கிய ஓர் ஒளி அங்கே இருந்தது. டைட்டன் சனியிடமிருந்து மிக விலகி நிற்கும்போது அதன் தூரம் 3 கலைக்குச் சற்று மேல். பத்து மடங்கில் அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் சந்திரனின் அகலம். இருண்ட வானத்தில் 50 மில்லிமீட்டர் வில்லைக்கு அது எட்டக்கூடியதே. இருந்தாலும் பால்வீதியின் நெருக்கமான நக்ஷத்திரக் கூட்டம் பின்னணியில் இருந்தமையால் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. டைட்டன் சனியைச் சுற்றிவரப் பதினாறு நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. எட்டு நாளில் மறுபக்கம் வந்தாக வேண்டும். காகிதத்தின் ஓரத்தில் தேதியைக் குறித்துவைத்தோம். எட்டாம் நாள் இரவு அவளே முதலில் மாடியேறி, கண்வில்லையில் கண்ணை வைத்து, சிறிது நேரம் அசையாமல் இருந்துவிட்டு, பழைய நெல்மணிக்குக் கீழே இன்னொரு நெல்மணியை வரைந்து, அதன் வலப்பக்கத்தில் புள்ளியை வைத்தாள்.